இரண்டு தட்டு

ஜன்னலை மூட முடியாது அம்மா. சாரல் அடிக்கத்தான் செய்யும். ஆனி மாதத்தில் வால்பாறை பஸ்ஸில் ஏறிவிட்டு நனையக் கூடாது என்றால் எப்படி? வேண்டுமென்றால் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள். பையை மடியில் வையுங்கள். அவ்வளவுதான்.

கண்டக்டர் வருகிறான். இவனும் அதையேதான் சொல்வான்.

"பெரியவரே, ஜன்னலை எறக்குங்க. பின்னாடி சீட்டெல்லாம் நனையுதுன்னு கத்தறாங்க."

"நீ டிக்கெட்டைக் கிழி."

போய்விட்டான், பார்த்தீர்களா? மாதம் ஒரு தரம் இந்தப் பஸ்ஸில்தான் பொள்ளாச்சி போகிறேன். என்னிடம் பேசிப் பயனில்லை என்று அவனுக்குத் தெரியும்.

ஏன் என்று கேட்கிறீர்கள். சொன்னால் எழுந்து வேறு சீட்டுக்கு ஓடுவீர்கள். எனக்கு நெஞ்சில் டி.பி. இருங்கள், முழுதும் கேட்டுவிட்டு ஓடுங்கள். ஐந்து மாதமாக மாத்திரை விழுங்குகிறேன். சளியில் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒட்டாது. ஆனாலும் ஜன்னல் திறந்திருக்கட்டும். காற்று ஓடினால் கிருமி தங்காது. ஒரு நர்ஸ் பெண் சொல்வாள். அவள் சொன்னதற்காகத் திறந்து வைக்கவில்லை. எனக்கே தெரியும்.

எங்கே ஒட்டியிருக்கும் என்று கீழே டாக்டர் கேட்டார். பஸ்ஸில்தான், வேறெங்கே என்றேன். "என்ன வேலை பார்த்தீங்க?" என்றார். ஆம்புலன்ஸ் ஓட்டினேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

முப்பத்தொரு வருடம். எஸ்டேட் ஆஸ்பத்திரி வண்டி. பொன்னுரங்கம் என்று கேட்டால் மேலே எந்த லைன் வீட்டிலும் சொல்வார்கள். இந்த நாற்பது வளைவில் எந்த வளைவில் எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன். கீழே போகப் போகப் பலகையில் எண் குறையும். நாற்பதில் ஆரம்பித்து ஒன்றில் முடியும். அங்கே ஆழியாறு. அப்புறம் சமதளம்.

வண்டியில் நான் முன்னால். நடுவில் கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் ஸ்ட்ரெச்சர், ஆக்ஸிஜன் சிலிண்டர், நர்ஸ். தடுப்பைத் திறக்க முடியாது, துருவேறி இறுகிவிட்டது. கத்தினாலும் இன்ஜின் சத்தத்தில் கேட்காது. அதனால் கண்ணாடியில் தட்டுவது. ஒரு தட்டு, மெதுவாகப் போ. இரண்டு தட்டு, நிறுத்து. மூன்று தட்டு, கிளம்பு.

மெதுவாகப் போயிருக்கிறேன். நிறுத்தியதில்லை.

மலையில் சீக்காளி வண்டி நிற்கக் கூடாது. நின்றால் எமன் ஏறிக்கொள்வான் என்று எனக்கு முன்னால் ஓட்டியவர் சொல்வார். எமனாவது மண்ணாவது. ஆனால் பேச்சு சரி. டாக்டர் கீழே இருக்கிறார், மெஷின் கீழே இருக்கிறது. நடுக்காட்டில் நின்று குரங்குக்கா காட்டுவது? எந்த நர்ஸ் இரண்டு தட்டு தட்டினாலும் நான் இன்னும் கொஞ்சம் மிதிப்பேன். ஏன் நிறுத்தவில்லை என்று ஒருத்தியும் கேட்டதில்லை.

முதலில் சொன்னேனே, அந்த நர்ஸ் பெண், இவள் கேட்டாள். பிரிசில்லா. மார்த்தாண்டம் பக்கம். இருபத்தாறு வயது. ஆள் குள்ளம், குரல் பெரிசு.

வந்த அன்றைக்கே வண்டிக்குள் ஏறி மோந்து பார்த்தாள்.

"அண்ணா, இதுக்குள்ள காத்து எங்க இருந்தாக்கும் வருது?"

"கதவைத் தொறந்தா வரும்."

"பூட்டினா?"

"பூட்டினா வராது. அதுக்குத்தான் பூட்டறது."

சிரித்தாள். அப்புறம் ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையைப் பார்த்தாள். அங்கே காற்றுப் போக ஒரு ஓட்டை உண்டு, உள்ளே சின்ன ஃபேன். மழைத்தண்ணீர் சொட்டுகிறது என்று நான் சாக்கு வைத்து அடைத்திருந்தேன். பிடுங்கி வெளியே போட்டாள். மறுநாள் நான் அடைத்தேன். அவள் பிடுங்கினாள். நான் அடைத்தேன். ஒரு மாதம் இப்படி. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கிடையாது. ஒரு நாள் சாக்கைக் காணோம், வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிட்டாள். நான் என் பழைய காக்கிச் சட்டையைச் சுருட்டி அடைத்தேன். அதை எரிக்க மாட்டாள். மரியாதை தெரிந்த பெண்.

சடையன் என்று ஒருத்தன். கவாத்து வெட்டுகிறவன், தேயிலைச் செடியை மட்டம் தட்டுகிற வேலை. நாலு மாதமாக இருமினான். எங்கள் மலையில் இருமாதவன் யார்? பனிச்சளி என்போம். மிளகுக் கசாயம், ஒரு மூடி பிராந்தி, போய்விடும். இவள் மட்டும் விடவில்லை.

"இது பனிச்சளி இல்லை அண்ணா. நெஞ்சுக்குள்ள பூந்த சீக்காக்கும்."

சளியை எடுத்து வா என்று டப்பா கொடுத்தாள். அவன் வெற்றிலை எச்சிலைத் துப்பிக் கொண்டுவந்தான். "மாமா, இது உம்ம வாயி. எனக்கு உம்ம நெஞ்சாக்கும் வேணும்" என்று மறுபடி ஒரு டப்பா கொடுத்தாள். அதில் அவன் பொண்டாட்டி உப்புப் போட்டு வைத்தாள்.

மார்கழியில் ஒரு மத்தியானம் அவனுக்கு வாயில் ரத்தம் வந்துவிட்டது. ஏற்றினோம். எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம், சீக்காளியைத் தனியாகக் கீழே அனுப்ப மாட்டார்கள். பொண்டாட்டி, மாமியார், தம்பி இரண்டு பேர், எல்லாரும் ஏறினார்கள். ஒரு ஆள் போதும் என்றாள் பிரிசில்லா. நான்தான் ஏறிக்கொள்ளட்டும் என்றேன். பனி கை தெரியாமல் இறங்கியிருந்தது. அவள் ஜன்னலைத் திறந்தாள். மாமியார் மூடினாள். "ஏனம்மிணி, குளுருல கொன்னுபோடப் பாக்கறயா?" இவள் என்னைப் பார்த்தாள். "மூடியே இருக்கட்டும்" என்றேன். சீக்காளிக்குக் குளிர் ஆகுமா? நீங்களே சொல்லுங்கள்.

இருபத்திரண்டாவது வளைவில் இரண்டு தட்டு. மிதித்தேன். மறுபடி இரண்டு தட்டு. கண்ணாடியில் பார்த்தேன். மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கை கூரைக் கம்பியில், இன்னொரு கை அவன் வாய்க்குள். ரத்தக் கட்டியை விரலால் தோண்டி எடுக்கிறாள். அவன் அவள் முகத்திலேயே இருமுகிறான். போட்டிருந்த மாஸ்க் ரத்தத்தில் ஊறிவிட்டது. மூச்சு விட முடியாமல் பிய்த்து எறிந்தாள். வேறு மாஸ்க் இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. பெட்டி ஸ்ட்ரெச்சருக்கு அடியில். வண்டி ஓடும்போது எடுக்க வராது.

ஒரு மணி இருபது நிமிடத்தில் பொள்ளாச்சி. வேறு எவனாவது போகட்டும் பார்க்கலாம்.

சடையன் பிழைத்தான் அம்மா. இன்றைக்கும் இருக்கிறான். சாதாரண மருந்துக்கு அடங்காத ஜாதி டி.பி. அவனுக்கு. ஒன்றரை வருடம் மாத்திரை தின்றான். இப்போது கவாத்துக்குப் போகிறான். பீடியும் குடிக்கிறான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசல் குழாயில் முகம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு தட்டு தட்டுனேன் இல்லியா?"

"கேட்டுச்சு."

"கேட்டுட்டா நிறுத்தல?"

"நிறுத்தியிருந்தா செத்திருப்பான்."

"நிறுத்தியிருந்தா ஒரு நிமிஷம் அண்ணா. ஆளைச் சரிச்சுப் போட்டு, குழாய் வச்சு ரத்தத்தை உறிஞ்சி எடுத்திருப்பேன். மூச்சுப் பாதை அடைஞ்சு போச்சுன்னா நீங்க எத்தனை வேகமா போயி என்ன? பொணத்தை வேகமா கொண்டு போறதாக்கும்."

"உசுரோடதான கொண்டாந்து சேத்திருக்கேன்?"

வெகுநேரம் முகத்தைக் கழுவினாள். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த ஆவணியில் பார்த்தால் யூனிஃபார்ம் பாவாடையில் ஊக்கு குத்தியிருக்கிறாள். இடுப்பில் நிற்கவில்லை.

"கல்யாணத்துக்கு எளைக்கிறயா அம்மிணி?"

"ஆமாண்ணா. மாப்பிள்ளை நெஞ்சுக்குள்ளயே இருக்கான்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதற்கு முந்தின வாரமே தன் சளியைத் தானே டப்பாவில் எடுத்து அனுப்பியிருந்தாளாம். எனக்கு எப்படித் தெரியும்? சடையனுக்கு வந்த அதே ஜாதி.

என்ன கேட்டீர்கள்? அவனிடமிருந்துதான் வந்ததா என்றா? யார் கண்டது? வார்டில் எத்தனை பேர் இருமுகிறார்கள். அவள் உடம்பும் பலமில்லாத உடம்பு. சோறு தின்பதில்லை, கிழங்கும் மீனும் வேண்டும் என்பாள். இந்த மலையில் மீனுக்கு எங்கே போவது?

ஊருக்குப் போகவில்லை. அண்ணன் வீட்டில் கைக்குழந்தை, அங்கே போய் இருமக் கூடாது என்று குவார்ட்டர்ஸிலேயே கிடந்தாள். மருந்து அவளைத் தின்றது. காது இரைந்தது. தின்றதெல்லாம் வாந்தி. ஊரே அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனது. என் வீட்டுக்காரி மயிலாத்தாள் தூக்குப்போசியில் கஞ்சி கொடுத்து அனுப்புவாள். நான் மதில்மேல் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பேன்.

"எப்படி இருக்கே?"

"இருக்கேன் அண்ணா. வச்சுட்டு சீக்கிரம் போங்க. காத்து உங்க பக்கமாக்கும் அடிக்குது."

எனக்குக் கோபம் வரும். கஞ்சி கொண்டுவந்தவனை நில் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விரட்டுகிறாள், பாருங்கள்.

தையில் ஒரு கிலோ ஏறியிருக்கிறேன் என்றாள். மாசியில் இன்னொரு கிலோ. பங்குனியில் ஒரு நாள் சேர் போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பிழைத்துக்கொள்வாள் என்று மயிலாத்தாளிடம் சொன்னேன். சடையனே பிழைத்தான், இவளுக்கென்ன?

ஆனி பிறந்தது. இதே மாதிரி மழை. காலை ஒன்பதே முக்கால். ஆயா வள்ளியாத்தா ஓடிவந்தாள்.

"பொன்னுரங்கண்ணா, புள்ளைக்கு ரத்தமா வருதுங். பேசின் ரொம்பிப் போச்சுங்."

டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார், அன்றைக்கு அவர் நாள் இல்லை. பிரிசில்லா இடத்துக்கு வேறு நர்ஸ் போடவும் இல்லை. நானே உள்ளே போய்த் தூக்கிவந்தேன். இலைக்கூடை என்ன கனம் இருக்கும்? அவ்வளவுதான். கண் முழித்துத்தான் இருந்தாள். இருமலுக்கு நடுவில் பேசினாள்.

"சாய்ச்சு உக்கார வைங்கண்ணா. படுக்கப் போடாண்டாம்."

"வளைவுல உருண்டுருவே."

"இல்லேன்னா இடது பக்கமா சரிச்சு... ரத்தம் வர்ற பக்கம் கீழ இருக்கணும்..."

மல்லாத்திப் போட்டு மூன்று பெல்ட்டையும் நானே கட்டினேன். நெஞ்சுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று. இறுக்கிக் கட்டினேன். நாற்பது வளைவு அம்மா. எனக்குத் தெரியாதா? வள்ளியாத்தாவை ஏற்றினேன். அவள் அந்த வண்டியில் ஏறியதே அன்றைக்குத்தான் முதல் தரம். கால்மாட்டில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமி பேரைச் சொன்னாள்.

அப்படி ஒரு ஓட்டு நான் ஓட்டியதில்லை. முப்பதாவது வளைவில் எதிரே லாரி. ஒதுங்கவில்லை, அவன்தான் ஒதுங்கினான். இருபதில் மண் சரிந்து கிடந்தது. ஏறி இறங்கினேன்.

பதின்மூன்றாவது வளைவில் இரண்டு தட்டு.

வள்ளியாத்தா இல்லை. அவள் கால்மாட்டில் இருக்கிறாள், அவளுக்குத் தட்டும் தெரியாது ஒன்றும் தெரியாது. இது கண்ணாடியின் கீழ்ப்பக்கம், என் முதுகுக்கு நேராக. ஸ்ட்ரெச்சரில் தலை இந்தப் பக்கம்தானே இருக்கும். பெல்ட்டுக்கு மேலே ஒரு கையை உருவித் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து விரல் முட்டியால் தட்டுகிறாள்.

இரண்டு தட்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

மிதித்தேன். எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். அவளுக்கென்று புதிதாக ஒன்றும் செய்யவில்லை. பன்னிரண்டில் இரண்டு தட்டு. மிதித்தேன். பதினொன்றில் இரண்டு தட்டு. "இதோ ஆச்சு அம்மிணி, இதோ ஆச்சு" என்று கத்தினேன். கேட்டிருக்காது.

என்ன, கண்ணைத் துடைக்கிறீர்கள்? சாரலா? அதற்குத்தான் நகர்ந்து உட்காரச் சொன்னேன்.

ஒன்பதில் ஒரே ஒரு தட்டு. ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ. பொறுத்துப் பார்த்தேன், இரண்டாவது தட்டு வரவில்லை. சரி, அடைப்பு விட்டிருக்கும், வளைவு குலுக்குகிறது போல, மெதுவாகப் போகச் சொல்கிறாள் என்று காலை எடுத்தேன். கியரை மாற்றினேன். எட்டு, ஏழு, ஆறு எல்லாம் கல்யாண வண்டி மாதிரி இறக்கினேன். வள்ளியாத்தா பின்னால் என்னமோ கத்திக்கொண்டே வந்தாள். பயந்தவள், கத்துவாள். அப்புறம் தட்டு இல்லை.

பொள்ளாச்சி ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தேன். சரி, அதை விடுங்கள்.

சின்ன வயசு லேடி டாக்டர். தொட்டுப் பார்த்தாள்.

"சில்லுன்னு இருக்காங்களே. எப்ப மூச்சு நின்னுச்சு?"

"இப்பத்தான்" என்றேன். "இங்க, கேட்டுக்குள்ள நுழையும்போது."

உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கதவு பாதி திறந்திருந்தது. அந்த டாக்டர் ஸ்டூலில் ஏறி நின்று நெஞ்சை அமுக்குகிறாள். ஒருத்தர் வாய்க்குள் குழாய் விடுகிறார். ரத்தம் தரையெல்லாம். மாற்றி மாற்றி அமுக்கினார்கள். விலா எலும்பு முறிந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. வள்ளியாத்தா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங். ஒம்பதாவது வளைவுலயே போயிருச்சுன்னு சொல்லுங். செத்த புள்ளையப் போட்டு அமுக்கறாங்களே, சாமி."

"நீ வாயை மூடு."

"இன்னும் எதுக்குங் அவளை?"

"அமுக்கட்டும். ஒருவேளை வந்தாலும் வரும்."

அரை மணி நேரம். சுவரில் கடிகாரம் இருந்தது, பார்த்துக்கொண்டுதான் நின்றேன். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள். "கேட்லன்னு சொன்னீங்க இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் போனதாகத்தான் எழுத்தில் இருக்கிறது.

மறுநாள் விடிந்து பிரிசில்லாவின் அம்மா வந்தாள், மகனோடு. சின்ன உருவம். மகள் மாதிரியேதான். அழவில்லை. பிணவறை வாசலில் என்னைக் காட்டி யாரோ சொன்னார்கள். வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானா பொன்னுரங்கம் அண்ணா? போனுல எப்பவும் சொல்லுவா. எங்க அண்ணன் ஒருத்தரு இருக்காரு, காத்துக்கே வழி விடமாட்டாருன்னு. கஞ்சி கொண்டு வருவாருன்னு."

என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்க மோளு கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாளா?"

வள்ளியாத்தா பக்கத்தில்தான் இருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"இல்லீங்கம்மா. தூங்கிட்டே வந்தா புள்ளை" என்றாள் வள்ளியாத்தா. என்னிடம் அதற்கப்புறம் அவள் பேசவே இல்லை. ஆனால் அன்றைக்கு அப்படித்தான் சொன்னாள்.

அந்த அம்மா என் கையை விடவில்லை. "நீங்க உசுரைக் குடுத்து ஓட்டிட்டு வந்தீங்களாமே. யாரும் அப்படி ஓட்ட மாட்டாங்களாமே" என்றாள். குனிந்து என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் என்ன சொல்வேன் அம்மா? "வேகத்துல ஒரு கொறையும் வெக்கலீங்க" என்றேன்.

பொய் இல்லை. ஒன்பதாவது வளைவு வரைக்கும் அது நிஜம். அதற்கப்புறம் அவளேதான் மெதுவாகப் போகச் சொன்னாள்.